பால் குடிக்கும்போது நெற்றியில் வியர்த்தால்

தங்கச்சி குழந்தை பிறந்து மூன்று வாரம் இருக்கும். பால் குடிக்க ஆரம்பித்த இரண்டே நிமிடத்தில் நெற்றியில் முத்து முத்தாக வியர்க்கும், களைத்துப்போய் வாயை எடுத்துவிடுவாள், கொஞ்ச நேரத்தில் பசிக்கு மறுபடி அழுவாள். புழுக்கம் என்றுதான் நினைத்தோம். எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரிந்தது, இதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் நடுச்சுவரில் ஓட்டை.

ஏறக்குறைய 100 குழந்தைகளில் ஒன்றுக்கு இதயத்தில் ஏதோ ஒரு பிறவிக் குறை இருக்கிறது. ஓட்டை என்றதும் பதற வேண்டாம், சின்ன ஓட்டைகள் பல தானாகவே மூடிக்கொள்ளும். வேறு சில குறைகள்தான் ஏமாற்றிவிடும். கருவில் ரத்தத்தை நுரையீரலுக்குப் போகாமல் திருப்பிவிடும் ஒரு குழாய் உண்டு, பிறந்த சில நாட்களில் அது மூடிவிடும், அதை நம்பியே ஓடிக்கொண்டிருந்த இதயம் அப்போதுதான் திணறும், நன்றாக இருந்த குழந்தைக்குத் திடீரென்று உதடும் நாக்கும் நீலம் பாரிக்கும். அதற்காகத்தான் பிறந்து 24 மணி நேரம் ஆனதும் வலது கையிலும் ஒரு காலிலும், ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வைத்துப் பார்ப்பது. வலியே கிடையாது, சில நிமிட வேலை. பார்த்தார்களா என்று கேளுங்கள்.

அப்புறம், தயவுசெய்து அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். மாசமாக இருக்கும்போது என்ன சாப்பிட்டாய் என்று தங்கச்சியை எத்தனை பேர் கேட்டார்கள்! பெரும்பாலும் காரணம் இன்னதென்று டாக்டர்களாலேயே சொல்ல முடிவதில்லை.