கிளிக் இல்லாமல் பதிவான பாட்டுக்கு டெம்போ மேப் போட்டது

குரலும் மிருதங்கமும் மட்டும். கிளிக் (மெட்ரோனோமின் சீரான தட்டொலி) வைக்காமல் பதிவானது. ஆதி தாளம், ஒரு களை: ஒரு சுற்றான ஆவர்த்தனத்துக்கு எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை. அதன்மேல் கீபோர்டும் பேஸும் சேர்க்க வேண்டும். இங்கே மெட்ரோனோம்தான் பாட்டின் பின்னால் போக வேண்டும். அதற்குத்தான் டெம்போ மேப்: வேகம் எங்கெங்கே எப்படி மாறுகிறது என்ற குறிப்பு. பாட்டை இழுத்துக் கிரிட்டில் (திரையில் தெரியும் தாளக் கோடுகளில்) உட்காரவைத்தால் ஸ்வரங்களின் அசைவான கமகம் கெட்டுப்போகும்.

ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் டெம்போவைத் தொடும் முன்பே புராஜெக்ட் செட்டிங்ஸில் டைம்பேஸை (பதிவு நேரத்தோடு ஒட்டுமா, தாளத்தோடு ஒட்டுமா என்ற அமைப்பை) ‘டைம்’ என்று மாற்றினோம். ‘பீட்ஸ்’ என்று கிடந்தால் டெம்போ எண்ணோடு சேர்ந்து பதிவும் நீளும், சுருங்கும். வேகம் மாறும் இடத்தில் வைக்கும் குறிகளான டெம்போ மார்க்கர்களுக்கென்று தனியாக இன்னொரு டைம்பேஸ் உண்டு. அதை மறந்துவிட்டு முதல் மார்க்கரைத் திருத்தினால், பின்னால் வைத்தது அத்தனையும் நகரும்.

அடுத்தது சமத்தை, அதாவது ஆவர்த்தனத்தின் முதல் தட்டைப் பிடிப்பது. பாட்டின் முதல் எழுத்தைச் சமமாக எடுத்துக்கொள்வதுதான் வழக்கமான தப்பு. அரை இடத்து எடுப்பாக (சமத்துக்கு அரை அட்சரம் தள்ளிப் பாட்டு தொடங்குவதாக) இருந்தால், 75 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 75 அட்சர வேகத்தில், 400 மில்லிசெகண்ட் ஆரம்பத்திலேயே தவறிவிடும். கையால் தாளம் போட்டுப் பார்த்துத்தான் இடத்தை முடிவு செய்ய வேண்டும். அலைவடிவைப் பெரிதாக்கி, மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் ‘நம்’ விழும் விளிம்பில் மார்க்கர் வைக்கலாம். இடப்பக்கமான தொப்பியின் ‘தோம்’ மெல்ல எழுவதால் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது.

எட்டு அட்சரத்துக்கு 480-ஐ ஆவர்த்தனத்தின் வினாடியால் வகுத்தால் பிபிஎம் வந்துவிடும். முதல் ஆவர்த்தனம் 6.4 வினாடி, அதாவது 75. ஸ்வரம் சூடுபிடித்த இடத்தில் 6 வினாடி, அதாவது 80. ஆவர்த்தனத்துக்கு ஒரு மார்க்கர் போதும், ஷிஃப்ட்டும் சியும் அழுத்தினால் பெட்டி திறக்கும். அட்சரத்துக்கு ஒன்று வைத்துப் பார்த்தோம். கிளிக் நொண்டியடித்தது, அதைக் கேட்டு யாராலும் வாசிக்க முடியாது. தசமத்தை மட்டும் வெட்டக் கூடாது. 75.3-ஐ 75 என்று போட்டால் ஓர் அட்சரத்துக்கு 3.2 மில்லிசெகண்ட்தான் பிசகும், ஆனால் பத்து ஆவர்த்தனத்தில் அது கால் வினாடி.

பிறகு கீபோர்டைப் பதிவு செய்தபோது எல்லாமே கொஞ்சம் பிந்தி விழுந்தது. பிசகு போகப்போகக் கூடினால் கோளாறு டெம்போ மேப்பில். முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவாக இருந்தால் லேட்டன்சி, அதாவது ஒலி கணினிக்குள் போய்வரும் தாமதம். வினாடிக்கு 48,000 சாம்பிளில் பஃபர் (கணினி ஒரு தடவையில் கையாளும் சாம்பிள் எண்ணிக்கை) 512 என்றாலே 10.7 மில்லிசெகண்ட். மென்பொருள் அதைத் தானே ஈடுகட்டும், டிரைவர் சரியான கணக்குச் சொன்னால். சொல்கிறதா என்று பார்க்க, ஒலியைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸின் அவுட்டிலிருந்து இன்னுக்கு ஒரு கேபிள் செருகி மெட்ரோனோமையே பதிவு செய்து, கிரிட்டுக்கும் கிளிக் விழுந்த இடத்துக்கும் உள்ள தூரத்தைச் சாம்பிளில் எண்ணி, பிரிஃபரன்ஸில் ரெக்கார்டிங் பகுதியின் மேனுவல் ஆஃப்செட்டில் எழுதினால் சரியாகும்.

பேஸ் வாசிப்பவர் வேறு ஊரில் இருந்ததால் ஆடியோவைப் பூஜ்யத்திலிருந்து வெட்டி, டெம்போ மேப் அடங்கிய மிடி கோப்பையும் (ஒலி இல்லாமல் ஸ்வர, வேகக் குறிப்பு மட்டும் கொண்டது) சேர்த்து அனுப்பினோம். மேப் இல்லாத மிடி கோப்பின் டெம்போ, மிடி விதிப்படி, 120.