கண்ணாடி எங்கன்னு அவர் கேக்கல

நைட் ட்யூட்டி முடிச்சு வந்து குளிச்சிட்டு படுத்தேன், தூக்கம் வரல, மனசுல ஒரே விஷயம் ஓடிக்கிட்டே இருக்கு, சரி எழுதிட்டே தூங்கலாம்னு உக்காந்துட்டேன். நான் வார்டு நர்ஸ், 19 வருஷ சர்வீஸ். அதுல முதல் எட்டு வருஷம் முழுக்க பேப்பர் கேஸ் ஷீட், அதுக்கப்புறம்தான் கம்ப்யூட்டர் வந்துச்சு. அதனால ரெண்டையும் பாத்தவ சொல்றேன்னு எடுத்துக்கோங்க.

போன வாரம் நடந்தது. ஆள் யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில விவரத்த மாத்தியிருக்கேன். 11-ம் நம்பர் பெட்ல ஒரு பெரியவர், ஆபரேஷன் ஆகி மூணாவது நாள். முந்தின ரெண்டு ராத்திரியும் நான் உள்ள போனாலே "சிஸ்டர், என் கண்ணாடி எங்க"ன்னுதான் ஆரம்பிப்பாரு, கண்ணாடி டேபிள் மேலயே இருக்கும், எடுத்து கையில குடுத்தப்புறம்தான் அடுத்த பேச்சு. அன்னிக்கு கேக்கல. இது எந்த இடம் அய்யா, என்ன கிழமைன்னு கேட்டா சரியா சொல்றாரு, ஆனா கை மட்டும் போர்வை ஓரத்த புடிச்சு புடிச்சு விட்டுக்கிட்டே இருக்கு, தொட்டா விரல் சில்லுனு இருக்கு. பல்ஸ் 94, மத்தது எல்லாம் நார்மல். சிஸ்டத்துல போட்டா, பல்ஸ், மூச்சு மாதிரி அளவுகள (வைட்டல்ஸ்னு சொல்வோம்) வெச்சு ஆள் எவ்ளோ மோசமா இருக்காருன்னு காட்டுற ஸ்கோர் 1, பக்கத்துல பச்சை கலர், அடுத்த வைட்டல்ஸ் ராத்திரி 2 மணிக்குன்னு காட்டுது.

நான் 2 மணி வரைக்கும் காத்திருக்கல. 11 மணிக்கு பாத்தேன், 11.40-க்கு பாத்தேன், 12.15-க்கு திரும்ப பாத்தேன், மூணையும் ஏத்திட்டு கமெண்ட் பாக்ஸ்ல "வழக்கம்போல இல்ல, கவலையா இருக்கு"ன்னு டைப் பண்ணினேன். ட்யூட்டி டாக்டருக்கு போன் போட்டா அவர் கேட்ட முதல் கேள்வி "ஸ்கோர் என்ன சிஸ்டர்?" ஒண்ணுன்னு சொன்னேன். "அப்ப கொஞ்சம் பாருங்க, ஏறினா கூப்பிடுங்க"ன்னாரு. அவர் மேல எனக்கு கோவம் இல்ல, நாலு வார்டுக்கு ஒரே டாக்டர், அவர் எதை வெச்சு முடிவு பண்ணுவாரு, நம்பர வெச்சுதான். 1.20-க்கு மூச்சு நிமிஷத்துக்கு 26, ஆக்ஸிஜன் 93, பல்ஸ் 112. ஸ்கோர் ஒண்ணுல இருந்து நேரா 7. அப்ப எல்லாரும் ஓடி வந்தாங்க, இன்ஃபெக்‌ஷன் ரத்தத்துல ஏற ஆரம்பிச்சிருந்துச்சு, ஐசியூவுக்கு மாத்தினோம்.

இந்த ஸ்கோர் முறை பிரிட்டன்ல ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ்ங்குற டாக்டருங்க அமைப்பு 2012-ல கொண்டு வந்தது, இப்ப பல நாட்டுல பயன்படுத்துறாங்க, நல்ல விஷயம்தான். 5 வந்தா அவசரம், 7 வந்தா எமர்ஜென்சி, யாரு எப்ப ஓடி வரணும்னு சண்டையே கிடையாது. நான் ஜூனியரா இருந்த காலத்துல பெரிய டாக்டர ராத்திரி எழுப்ப பயந்து பயந்து நின்ன நர்ஸுங்களுக்கு இந்த நம்பர் ஒரு துணை. 2017-ல அத திருத்தினப்ப நோயாளிக்கு புதுசா வர்ற மனக்குழப்பத்தையும் சேர்த்து அதுக்கு 3 பாயிண்ட் குடுத்தாங்க. ஆனா கண்ணாடி கேக்காததுக்கு பாயிண்ட் இல்ல. அந்த 11 மணிக்கும் 1.20-க்கும் நடுவுல நான் பாத்தத எந்த கட்டத்துல போடுறது, அதான் என்னை தூங்க விடல.

கம்ப்யூட்டரே வேணாம்னு சொல்ற ஆள் நான் இல்ல. பேப்பர் காலத்துல மருந்து சார்ட்ல கையெழுத்து புரியாம மூணு பேர் சேர்ந்து உத்து பாப்போம், புள்ளி எங்க இருக்கு, அது 1.0-வா 10-ஆ, நெஞ்சு படபடக்கும். இப்ப அந்த பயம் பெரும்பாலும் போச்சு. அதுவும் நோயாளி கைப்பட்டையையும் (ரிஸ்ட்பேண்ட்) மருந்தையும் ஸ்கேன் பண்ணி ஒத்துப்பாக்குற பார்கோடு ஸ்கேன் வந்தது எனக்கு ரொம்ப பெருசு. அத யோசிச்சது யாருன்னு உங்களுக்கு தெரியுமா? ஒரு நர்ஸ். அமெரிக்காவுல டோபேக்கா ஊர்ல முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரில வேல பாத்த சூ கின்னிக். 1990-கள் ஆரம்பத்துல வாடகை கார திருப்பி விடப்போன இடத்துல, அங்க இருந்த ஆள் கையில ஒரு சின்ன மெஷின் வெச்சு கார்ல இருந்த பார்கோட ஸ்கேன் பண்றத பாத்துட்டு, காருக்கு பண்ண முடியுதுன்னா மருந்துக்கு ஏன் பண்ணக்கூடாதுன்னு கேட்டாங்களாம். அந்த கேள்விலதான் ஆரம்பிச்சது. வருஷா வருஷம் நர்ஸிங் ஸ்டூடண்ட்ஸ் வரும்போது இந்த கதைய நான் சொல்லாம விடுறதில்ல.

வேல செய்யுதாங்குறதுக்கு ஆதாரமும் இருக்கு, பாஸ்டன்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரில பண்ணின ஆய்வு 2010-ல வந்துச்சு, மருந்து குடுக்கும்போது நேரம் தவறுறது தவிர மத்த தப்புங்க 41 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. எனக்கு ஆய்வு தேவையே இல்ல, ஒரு தடவ காலைல 6 மணிக்கு பக்கத்து பக்கத்து பெட்ல ஒரே பேர்ல ரெண்டு பேர், நான் சரியான ஆள்னே நெனச்சு ரிஸ்ட்பேண்ட ஸ்கேன் பண்ணினா சிவப்பா திரை வந்து நின்னுச்சு, கையில இன்சுலின் சிரிஞ்ச். இன்னிக்கும் அந்த பீப் சத்தம் காதுல இருக்கு.

ஆனா அதே ஸ்கேனர் சார்ஜ் இல்லாம கிடக்கும், ரிஸ்ட்பேண்ட் தண்ணி பட்டு சுருங்கி கோடு அழிஞ்சிருக்கும், தூங்குற ஆள எழுப்பி கைய போர்வைக்குள்ள இருந்து எடுக்கணும், மாத்திரைய பாதியா வெட்டி பார்மஸி அனுப்பிச்சா அதுல பார்கோடே இருக்காது. அப்ப என்ன ஆகும், ஆளாளுக்கு ஒரு குறுக்குவழி கண்டுபுடிப்பாங்க, ரிஸ்ட்பேண்ட் ஸ்டிக்கர இன்னொண்ணு பிரிண்ட் எடுத்து ட்ராலில ஒட்டி வெச்சு அத ஸ்கேன் பண்றது வரைக்கும் நான் பாத்திருக்கேன். 2008-ல ராஸ் கோப்பல்ங்குறவரும் அவர் கூட இருந்தவங்களும் அஞ்சு ஆஸ்பத்திரிங்கள வெச்சு இதையே ஆராய்ச்சி பண்ணினாங்க, 15 வகை குறுக்குவழி, அதுக்கு 31 வகை காரணம்னு எண்ணி எழுதினாங்க. அந்த 31-தான் எனக்கு முக்கியம். மேலிடத்துல உக்காந்து பாக்குறவங்களுக்கு ஸ்கேன் பண்ணாத நர்ஸ் மட்டும்தான் தெரியுறாங்க, செத்துப்போன பேட்டரி தெரியுறதில்ல.

இத சொல்லும்போது அமெரிக்காவுல டென்னஸி மாநிலத்துல நடந்த அந்த கேஸ் ஞாபகம் வராம இருக்காது. 2017 டிசம்பர்ல ஒரு நர்ஸ் கம்ப்யூட்டர் வெச்ச மருந்து கேபினட்ல "வி ஈ"ன்னு ரெண்டு எழுத்து டைப் பண்ணி, பதட்டத்த தணிக்கிற வெர்செட்ங்குற மருந்த தேடினாங்க, அந்த கேபினட்ல அது மிடாசோலம்ங்குற பொதுப்பேர்ல இருந்துச்சு, வெர்செட்னு வரல, ஓவர்ரைடு (கேபினட் தடைய தாண்டி மருந்த எடுக்குறது) போட்டாங்க, வந்தது வெக்யூரோனியம், தசை எல்லாத்தையும் செயலிழக்க வெக்கிற மருந்து. நோயாளி இறந்துட்டாங்க. 2022-ல கோர்ட் அந்த நர்ஸ குற்றவாளின்னு தீர்ப்பு சொல்லி மூணு வருஷம் ப்ரொபேஷன் குடுத்துச்சு. தப்பு நடந்தது உண்மை, வார்னிங்க தாண்டி போனது உண்மை, அவங்களே ஒத்துக்கிட்டாங்க. ஆனா அந்த சமயம் அங்க ஓவர்ரைடு போடுறது அன்றாட வேலையா இருந்துச்சுன்னு விசாரணைல சொன்னாங்க, அத படிச்சப்ப எனக்கு வயித்த கலக்குச்சு, ஏன்னா ஒரு ஷிப்ட்ல நான் எத்தன வார்னிங்க ஓகே ஓகேன்னு தட்டிட்டு போறேன்னு எனக்கு தெரியும். பாதி வார்னிங் அர்த்தமில்லாததுன்னு பழகிட்டா மீதி பாதியும் கண்ணுல விழாது.

அலாரமும் அப்படித்தான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான் ஃபிரான்சிஸ்கோ ஆஸ்பத்திரில 77 ஐசியூ பெட்ல 31 நாள் எண்ணி பாத்து 2014-ல வெளியிட்டாங்க, மொத்தம் 25 லட்சத்துக்கும் மேல அலாரம், காதுல கேக்குற மாதிரி அடிச்சது மட்டும் ஒரு பெட்டுக்கு ஒரு நாளைக்கு 187. இதயத்துடிப்பு கோளாறுன்னு அடிச்சதுல அவங்க பிரிச்சு பாத்த அலாரங்கள்ல 88.8 சதவீதம் பொய். அங்க வேல பாக்குற நர்ஸோட காது என்ன பாடுபடும்னு நெனச்சு பாருங்க. வீட்டுக்கு வந்து மைக்ரோவேவ் பீப் அடிச்சா கூட எந்திரிச்சு நிக்கிற நர்ஸுங்க இருக்கோம்.

நேரத்துக்கு வரேன். 2008-ல 36 ஆஸ்பத்திரில நர்ஸுங்களோட நேரத்த அளவெடுத்த ஒரு ஆய்வு இருக்கு. நர்ஸிங் வேலைல 35 சதவீதம் நேரம் பதிவு பண்றதுக்கே போச்சு, நேரடியா நோயாளி பராமரிப்புக்கு 19 சதவீதம்தான். கம்ப்யூட்டர் முழுசா வர்றதுக்கு முன்னாடியே இந்த நிலைமை. இப்ப குறைஞ்சிருச்சான்னு எங்க வார்டுல யாரையும் கேக்க வேணாம், அட்மிஷன் அன்னிக்கு கீழ விழுற அபாயம், படுக்கைப்புண் அபாயம், சாப்பாடு, வலி, அலர்ஜின்னு திரைக்கு மேல திரை, நோயாளி பேசிக்கிட்டு இருக்காரு, நான் அவர் முகத்த பாக்காம ட்ராப்டவுன்ல இருந்து ஒரு சொல்ல தேடுறேன். அது எனக்கு வெக்கமா இருக்கு. பேசுறத கேட்டு தானா குறிப்பு எழுதுற ஏஐ இப்ப டாக்டருங்களுக்கு வந்துருச்சு, நர்ஸுங்களுக்கும் வர ஆரம்பிச்சிருக்கு, கை காலியானா கண்ணு நோயாளி மேல போகும்னு நான் நெஜமாவே நம்புறேன். எழுதினத படிச்சு பாத்து சரின்னு சொல்ற பொறுப்பு நம்மதுதான், அந்த நேரத்த ஷிப்ட்ல ஒதுக்கி குடுக்கணும்.

ஏஐ பத்தி ரெண்டு செய்திய பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க. ஒண்ணு, அமெரிக்காவுல நூத்துக்கணக்கான ஆஸ்பத்திரில ஓடிக்கிட்டிருந்த ஒரு செப்சிஸ் (இன்ஃபெக்‌ஷன் முத்தி உடம்பு முழுக்க பாதிக்கிறது) கணிப்பு ப்ரோக்ராம மிச்சிகன் பல்கலைக்கழக ஆளுங்க சோதிச்சு 2021-ல எழுதினாங்க, செப்சிஸ் வந்தவங்கள்ல 67 சதவீதம் பேர அது கண்டுபுடிக்கவே இல்ல, ஆனா ஆஸ்பத்திரில இருந்தவங்கள்ல 18 சதவீதம் பேருக்கு அலர்ட் அடிச்சிருக்கு. இன்னொண்ணு, இதுக்காகத்தான் நான் இவ்ளோ நேரம் எழுதிக்கிட்டு வந்தேன், கொலம்பியா பல்கலைக்கழகத்துல சாரா ரொசெட்டி தலைமைல உருவான கன்சர்ன் சிஸ்டம். பேரே கவலைன்னுதான் அர்த்தம். அது நம்பர மட்டும் பாக்கல, நர்ஸ் என்ன பண்றாங்கன்னு பாக்குது. நாலு மணி நேரத்துக்கு ஒருதடவ போதும்னு ஆர்டர் இருக்க, இந்த நர்ஸ் ஏன் முக்கால் மணிக்கு ஒருதடவ வைட்டல்ஸ் எடுக்குறாங்க? ஏன் நடு ராத்திரில கமெண்ட் எழுதுறாங்க? ஏன் ஒரு மருந்த நிறுத்தி வெச்சாங்க? அந்த போக்குலயே அவங்க மனசுல என்னமோ உறுத்துதுன்னு புரிஞ்சுக்கிட்டு டாக்டர் டீமுக்கும் சேர்த்து காட்டுது. 60,000-க்கும் மேல நோயாளி அட்மிஷன்கள வெச்சு சோதிச்சு 2025-ல முடிவு வந்துச்சு. இறக்குற அபாயம் 35.6 சதவீதம் குறைவு, ஆஸ்பத்திரில இருக்குற நாளும் சராசரியா அரை நாளுக்கு மேல குறைவு. எதிர்பாராம ஐசியூவுக்கு மாத்துறது மட்டும் அதிகமாச்சு, அது சீக்கிரமே கண்டுபுடிச்சு மாத்தினதாலன்னு சொல்றாங்க.

இத படிச்சப்ப கண்ணு கலங்கிருச்சு எனக்கு. 11, 11.40, 12.15. மூணு தடவ பாத்தது வீண் பரபரப்பு இல்ல, அது ஒரு தகவல். அத டைப் பண்ணினப்ப எங்க சிஸ்டம் அத மூணு தனித்தனி பச்சை நம்பரா வெச்சுக்கிச்சு, அவ்ளோதான். அதே மூணு எண்ட்ரி வேற ஒரு சிஸ்டத்துல டாக்டர் திரைல போய் நின்னிருக்கும்.

அப்புறம் நெட்வொர்க் விழுந்தா என்ன பண்றதுங்குறதும் இருக்கு, 2017 மே மாசம் வான்னாக்ரை வைரஸ் பிரிட்டன் ஆஸ்பத்திரிங்கள அடிச்சப்ப, 2021-ல அயர்லாந்துல வேற ஒரு வைரஸ் அடிச்சப்ப, மாட்டின ஆஸ்பத்திரிங்க திரும்ப பேனா பேப்பருக்கு போனாங்க. பேப்பர்ல ஹேண்டோவர் (அடுத்த ஷிப்ட்டுக்கு நோயாளி விவரத்த ஒப்படைக்கிறது) குடுக்க தெரியாத பேட்ச் இப்ப வந்துருச்சு, நான் மாசம் ஒருதடவ எங்க ஜூனியருங்கள உக்கார வெச்சு வெறும் தாள்ல எழுத வெக்கிறேன். "எதுக்குக்கா இது"ன்னு முதல்ல கேட்டாங்க, இப்ப அவங்களே தாள் எடுத்துட்டு வராங்க.

நேத்து எங்க ஐடி டிபார்ட்மெண்ட்ல இருந்து ஒரு தம்பிய வார்டுக்கு வரச்சொல்லி இருந்தேன். 11-ம் பெட் கதைய சொன்னேன், வைட்டல்ஸ் திரைல ஸ்கோருக்கு பக்கத்துலயே "நர்ஸுக்கு கவலை இருக்கு"ன்னு ஒரு பட்டன் வெக்க முடியுமா, அத அழுத்தினா டாக்டர் லிஸ்ட்ல அந்த பேர் மேல வரணும்னு கேட்டேன். பட்டன் வெக்கிறது ஈசி சிஸ்டர், ஆனா யாரு பர்மிஷன் குடுக்கணும்னு இழுத்தாரு. சரி, முதல்ல என் கூட ஒரு ரவுண்டு வாங்கன்னு கூட்டிட்டு போனேன். ட்ராலி பக்கத்துலயே நின்னு ஒரு வலி மாத்திரை குடுக்க எத்தன க்ளிக்னு எண்ணினாரு, 17. நாலாவது பெட்ல ஸ்கேனர் ரிஸ்ட்பேண்ட படிக்கல, நான் அந்த அம்மா கைய மெதுவா திருப்பி திருப்பி புடிச்சு அஞ்சாவது தடவ எடுத்தப்பதான் பீப் வந்துச்சு, அவர் ஃபோன எடுத்து என்னமோ நோட் பண்ணிக்கிட்டாரு. வெள்ளிக்கிழம நைட் ஷிப்ட்டுக்கு முழுசா வரேன்னு சொல்லியிருக்காரு. பெரியவர் ஐசியூல இருந்து நேத்து சாயந்திரம் வார்டுக்கு திரும்பி வந்துட்டாரு, ராத்திரி நான் உள்ள போனதும் கண்ணாடிய கேட்டாரு.