சுண்டுவிரலும் நிலவின் நிழலும்

"அப்பா, நிலாவைக் காணோம் பாருங்க!"

இன்றிரவு மொட்டைமாடியில் மகள் ஒற்றைக்கண்ணை மூடிக்கொண்டு, நீட்டிய கையின் சுண்டுவிரலால் முழுநிலவை மறைத்துக் காட்டினாள்.

வானில் நிலவின் அகலம் வெறும் அரை பாகைதான்.

அந்த அரை பாகையைத்தான் பிரான்சின் தூலோன் கரைக்கு அப்பால், மத்தியதரைக் கடலில் ஏறத்தாழ 2,475 மீட்டர் ஆழத்தில் இருந்த அன்டாரெஸ் தொலைநோக்கி (எதனோடும் எளிதில் மோதாத நியூட்ரினோ என்னும் நுண்துகள்களைப் பிடிக்க அமைத்தது) இருளுக்குள்ளிருந்து தேடியது. கடலடியில் நங்கூரமிட்டு மிதவைகளால் நிமிர்த்தப்பட்ட, ஒளியுணரிகள் கோத்த 12 வடங்கள், நீரோட்டத்தில் மெல்ல அசைந்துகொண்டே இருந்தவை. அவை காட்டும் திசை சரிதானா என்று எதை வைத்துச் சோதிப்பது?

விண்வெளியிலிருந்து பாய்ந்துவரும் துகள்களான அண்டக்கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது பிறக்கும் மியூவான்கள் என்னும் நுண்துகள்களில் சில அந்த ஆழம்வரை இறங்கி, நீரில் நீல ஒளியை உமிழ்கின்றன. நிலவு அக்கதிர்களைத் தடுப்பதால், அதன் திசையிலிருந்து வரும் மியூவான்கள் சற்றே குறையும். அக்குறை நிலவு இருக்கவேண்டிய இடத்திலேயே தென்பட்டால், கருவி சரியாகப் பார்க்கிறது என்று பொருள். நியூட்ரினோ தேடுவோர் தொல்லையென்று ஒதுக்கும் மியூவான்களே இங்கு அளவுகோலாகின்றன என்பது எனக்கு மிகவும் பிடித்த முரண்.

ஆனால் குறை மிகச் சிறியது. 2007 முதல் 2016 வரையிலான தரவுகளைத் திரட்டிய பிறகே அந்த நிழல் 3.5 சிக்மா அளவில், அதாவது தற்செயலாகத் தோன்றியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்னும் அளவில், தெரிந்தது. கருவியின் கோணத் துல்லியம் ஏறத்தாழ 0.73 பாகை என்றும் அதிலிருந்து கணித்தார்கள். அதாவது, நிலவின் அகலத்தைவிடச் சற்று அதிகம்.

மகள் இப்போது கட்டைவிரலால் முயன்றுகொண்டிருக்கிறாள்.