சிஸ்பிளாட்டினும் பாக்லிடாக்சலும் ஒரே பிளேட்டில்

சிஸ்பிளாட்டின், பாக்லிடாக்சல் போன்ற இரண்டு கீமோ மருந்துகளைப் புற்றுச் செல்களுக்குச் சேர்த்துப் போட்டால், தனித்தனியாகப் போட்டதைவிட அதிகச் செல்கள் சாகத்தான் செய்யும். அதை மட்டும் வைத்து 'சினர்ஜி' (ஒன்றின் வேலையை மற்றது பெருக்குவது) என்று எழுதிவிடக் கூடாது. எதிர்பார்த்த கூட்டு விளைவைத் தாண்டியதா என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனை பெரும்பாலும் கணக்குப் போடும் இடத்தில் கெடுவதில்லை, மருந்தைக் கரைக்கும் இடத்திலேயே கெட்டுவிடுகிறது.

ஆய்வகத்தில் வளர்க்கும் ஏ549 நுரையீரல் புற்றுச் செல்களையே எடுத்துக்கொள்வோம். பாக்லிடாக்சல் தண்ணீரில் கரையாது, டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் வேண்டும். அதே பழக்கத்தில் சிஸ்பிளாட்டினையும் டிஎம்எஸ்ஓவில் கரைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். டிஎம்எஸ்ஓவின் கந்தகம் பிளாட்டினத்தைப் பற்றிக்கொண்டு குளோரைடை வெளியே தள்ளிவிடும். மருந்தின் வீரியம் போய்விடும். 0.9% சலைனில் (உப்புக் கரைசலில்) மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம், அதாவது சுமார் 3.3 மில்லிமோலார், வெளிச்சம் படாமல் அன்றன்றைக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் படிகமாகிவிடும். அதே பிளாட்டினக் குடும்பத்து ஆக்சாலிபிளாட்டினுக்கோ சலைன் ஆகாது. தண்ணீர் அல்லது 5% குளுக்கோஸ்தான்.

96 வெல் (சிறு குழி) கொண்ட பிளேட்டில் ஓர வெல்கள் 36லும் செல் போடாமல் பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலை நிரப்புங்கள். ஓரத்தில் மீடியம் (செல் வளரும் திரவம்) ஆவியாகி மருந்தின் அடர்த்தி ஏறிவிடும். மீதி 60 வெல்: இரண்டு தனி மருந்துகள், ஒரு கூட்டு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து டோஸ், மும்மூன்று வெல், ஆக 45. மருந்தில்லாத கரைப்பான் மட்டும் 6, எதுவும் சேர்க்காத செல் 6, செல்லே இல்லாத மீடியம் 3. வெல்லுக்கு 3000 செல் போட்டு, இன்குபேட்டருக்குள் வைக்குமுன் அரை மணி நேரம் வெளியே அசையாமல் வைத்தால் செல்கள் சமமாகப் படியும்.

டோஸ்களைக் கையில் வந்தபடி வைக்காதீர்கள். முதலில் ஒவ்வொரு மருந்துக்கும் தனியாக ஐசி50, அதாவது பாதிச் செல்களைத் தடுக்கும் அடர்த்தி, கண்டுபிடித்து, கூட்டில் அந்த விகிதத்தையே 0.25, 0.5, 1, 2, 4 மடங்காக வைக்க வேண்டும். 1984இல் சௌ, தலாலே இருவரும் தந்த கூட்டுக் குறியீட்டுக்கு இது வசதி. தனியாக 10 மைக்ரோமோலார் சிஸ்பிளாட்டினோ 8 நானோமோலார் பாக்லிடாக்சலோ பாதிச் செல்களைத் தடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சேர்க்கும்போது முறையே 3.5, 2.8 போதுமானால் குறியீடு 3.5/10 + 2.8/8, அதாவது 0.35 + 0.35 = 0.7. ஒன்றுக்குக் கீழே என்பதால் சினர்ஜி. ஆனால் 5%, 95% தடுப்பு போன்ற இரு ஓரங்களில் வரும் எண்ணை நம்ப வேண்டாம். வளைவு அங்கே தட்டையாக இருப்பதால் சின்னப் பிழையும் பெரிதாகிவிடும்.

எந்த மருந்து முதலில் என்பதும் முக்கியம். சிஸ்பிளாட்டின் முந்திக்கொண்டால் செல் சுழற்சி மைட்டோசிஸுக்கு (செல் பிரியும் கட்டத்துக்கு) முன்பே நின்றுவிடலாம். பாக்லிடாக்சலுக்கு வேலை மைட்டோசிஸில்தான். ஆகவே இரண்டும் ஒன்றாக, ஒன்று முதலில் மற்றது பின்னால், அதையே மாற்றி என மூன்று வரிசையும் போட்டுப் பார்க்காமல் 'இவை சேராது' என்று முடிவுகட்டுவது அந்த மருந்துகளுக்குச் செய்யும் அநியாயம்.

72 மணி நேரம் கழித்து எம்டிடி என்ற நிறச் சோதனை. பாக்லிடாக்சலில் டோஸை எவ்வளவு ஏற்றினாலும் வளைவு இடையிலேயே படுத்துவிடுவதுண்டு. எம்டிடி காட்டுவது செல்லின் வளர்சிதை மாற்றத்தை. பிரியாமல் நின்றுவிட்ட செல்லும் ஊதா நிறம் தரும். அதனால் நல்ல குறியீடு வந்த டோஸை 6 வெல் பிளேட்டில் காலனி சோதனையாக (செல் பெருகித் திரளாகிறதா என்று பார்ப்பது) 10 முதல் 14 நாள் வைத்துச் சரிபாருங்கள்.