கிறிஸ்டின் சின்க்ளேரின் 190 கோல்கள்

ஆண், பெண் இரு தரப்பையும் சேர்த்தாலும் சர்வதேசக் கால்பந்தில் அதிக கோல் அடித்தவர் கனடாவின் கிறிஸ்டின் சின்க்ளேர்தான். 331 ஆட்டங்களில் 190. தேசிய அணிக்குள் வந்தபோது வயது 16.

ஸ்ட்ரைக்கராக ஆடும் பிள்ளைகள் 2012 ஒலிம்பிக் அரையிறுதியைத் தேடிப் பாருங்கள். ஓல்ட் டிராஃபோர்டில், அமெரிக்காவுக்கு எதிராக 22, 67, 73ஆம் நிமிடங்களில் மூன்று கோல். பின்னிரண்டும் தலையால் முட்டியவை. கிராஸ் (ஓரத்திலிருந்து கோல் முன்பாக அடிக்கும் பந்து) கிளம்பும் முன்பே ஓடிவிட்டால் டிஃபெண்டர் கூடவே ஒட்டிக்கொள்வார், பிந்தினால் பந்து தாண்டிப் போய்விடும். அந்த இடைவெளியில் அவர் எப்போது நகர்கிறார் என்பதைக் கவனியுங்கள். பந்தை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

அப்படி ஆடியும் கனடா 4-3 எனத் தோற்றது. கனடா கோல்கீப்பர் பந்தை ஆறு விநாடிக்கு மேல் வைத்திருந்ததாக அமெரிக்காவுக்கு ஃப்ரீ கிக், அதில் ஹேண்ட்பால், அதற்குப் பெனால்டி. நடுவர்கள் அரிதாகவே கையிலெடுத்த விதி அது. இன்றும் மனம் ஆறவில்லை.

2013 முதல் 2024 வரை ஒரே கிளப், அமெரிக்காவின் போர்ட்லாந்து தார்ன்ஸ். 2013, 2017, 2022 என மூன்று லீக் பட்டங்கள். வேகம் குறைந்த வயதில் சற்றுப் பின்னிறங்கி, மற்றவர்களுக்குப் பந்து கொடுக்கும் இடத்தில் ஆடினார். இத்தனை நீண்ட ஆட்டவாழ்வுக்கு முக்கியக் காரணம் அந்த மாற்றம்தான் என்பேன்.

டோக்கியோ ஒலிம்பிக் இறுதிப்போட்டியில் பெனால்டியை வாங்கித் தந்தவர் அவர், அடித்தவர் ஜெஸ்ஸி ஃபிளெமிங். சமநிலையை முறிக்கும் பெனால்டி ஷூட்அவுட்டில் 3-2, கனடாவுக்குத் தங்கம்.