பெடல் மிதிக்கிறது கால்ல தெரியாம போனப்போ

நான் கும்பகோணத்துல வீட்லயே பிளவுஸ் தைக்கிறவ. இருபத்தாறு வருஷமா கால் மிஷின்தான், பொண்ணு எத்தனையோ தடவ சொல்லியும் மோட்டார் வச்சுக்கல, காலால மிதிச்சாதான் கழுத்து வளைவுல நிதானம் வரும்னு எனக்கு ஒரு பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தாலதான் இது சீக்கிரம் தெரிஞ்சுதுன்னு நினைக்கிறேன். முந்தின வருஷம் ஆடி மாசம், கால் பெடல் மேல இருக்கா கீழ இருக்கான்னு குனிஞ்சு பார்க்க வேண்டியதாயிடுச்சு.

பகல்ல கனமா சாக்ஸ் போட்டுட்டு நடக்குற மாதிரி மதமதன்னு இருக்கும். ராத்திரியில நேர்மாறு, ரெண்டு பாதமும் மிளகாத்தூள் தேச்ச மாதிரி எரியும், போர்வை பட்டா தாங்காது, எழுந்து போயி முற்றத்து சிமெண்டு தரையில காலை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்.

தெருவுல எல்லாரும் சுகர்தான்னு முடிவே பண்ணிட்டாங்க. மூணு மாச சுகர் பார்த்தா 5.4, ஒன்னும் இல்ல. தைராய்டும் சரியா இருந்துச்சு. பி12 மட்டும் 170, கம்மி. நாங்க சைவம், அதனால இருக்கும்னு டாக்டர் ஊசி போட்டாரு. நான் சும்மா இருக்காம மெடிக்கல்ல கேட்டு நரம்பு சத்து மாத்திரைன்னு ரெண்டு வகை வாங்கி அதையும் சேர்த்துப் போட்டேன். நாலு மாசத்துல பி12 எழுநூறுக்கு மேல ஏறிடுச்சு, எரிச்சல் மட்டும் அப்படியே இருக்கு.

அப்பதான் பொண்ணு போன்ல கேட்டா, "அம்மா, நீ கொலஸ்ட்ரால் மாத்திரை எப்பலேந்து போடுற?" ரெண்டரை வருஷமா. செக்கப்ல எல்டிஎல்ங்கிற கெட்ட கொலஸ்ட்ரால் 188னு வந்து அதக் குறைக்க அட்டோர்வாஸ்டாட்டின் 20ங்கிற மாத்திரை எழுதிக் கொடுத்தது. அந்த மாத்திரைக்கு உடம்பு வலி, தசை வலி வரும்னு கேள்விப்பட்டிருக்கேன், நரம்புன்னு யாரும் சொன்னதில்ல. யாரையும் கேக்காம பத்து நாள் நிறுத்திட்டேன், அது தப்புதான், எங்க டாக்டர் நல்லா திட்டிட்டு திரும்ப போடச் சொல்லி தஞ்சாவூர்ல நரம்பு டாக்டர்கிட்ட அனுப்புனாரு.

அவரு முதல்ல ஒரு இரும்பு கவட்டைய தட்டி என் கை விரல் எலும்புல வச்சாரு, ங்ங்ங்னு ரொம்ப நேரம் அதிர்ந்துச்சு. அப்புறம் அதையே தட்டி கால் கட்டைவிரல்ல வச்சு "நின்னதும் சொல்லுங்க"ன்னாரு. நின்னுடுச்சுன்னு உடனே சொல்லிட்டேன். அவரு பேசாம அத எடுத்து என் கைல வச்சாரு, இன்னும் அதிர்ந்துகிட்டு இருந்துச்சு. அந்த நிமிஷம்தான் எனக்கு பயம் வந்துச்சு, அதுவரைக்கும் எரிச்சல்தானேன்னு இருந்தேன்.

அடுத்து கரண்ட் வச்சு பார்க்குற நரம்பு டெஸ்ட். ஏசி ரூம்ல கால் ஜில்லுன்னு இருந்தா நரம்பு மெதுவா ஓடுற மாதிரி தப்பா காட்டுமாம், அதனால வெந்நீர்ல காலை வச்சு சூடாக்கிட்டுதான் ஆரம்பிச்சாங்க. ஈரக்கையோட ஸ்விட்ச் தொட்ட மாதிரி சுருக் சுருக்னு அடிக்கும், தாங்கிக்கலாம். ரெண்டு கால்லயும் உணர்ச்சி நரம்பு லேசா பழுதுன்னு ரிப்போர்ட். தசைக்கான ரத்த டெஸ்ட் நார்மல்.

மாத்திரையாலதானான்னு கேட்டேன். உறுதியா சொல்ல முடியாதும்மா, டென்மார்க்ல 2002ல வந்த ஆய்வு இந்த மாத்திரை போடுறவங்களுக்கு நரம்பு பாதிப்பு அதிகம்னுச்சு, அதே நாட்டுல 2017ல திரும்பப் பார்த்தப்போ சம்பந்தம் தெரியல, வந்தாலும் அபூர்வம்னாரு. அதுக்கு மேல ஒரு குண்டு போட்டாரு, நான் வாங்கித் தின்ன சத்து மாத்திரையில பி6 இருக்கு, அது அளவுக்கு மீறுனா அதுவே நரம்பக் கெடுக்கும்னு! ஆக பி12 கம்மியா இருந்தது, பி6, கொலஸ்ட்ரால் மாத்திரை, மூணு பேர் மேலயும் சந்தேகம். ஒரு நேரத்துல ஒன்ன மட்டும் மாத்துவோம்னாரு. எனக்கு அது டக்குனு புரிஞ்சுது, தையல் விட்டு விட்டு விழுந்தா ஊசி, நூல், டென்ஷன் எல்லாத்தையும் ஒரேயடியா மாத்துனா எதுல கோளாறுன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

முதல்ல சத்து மாத்திரை கட். ஆறு வாரம் ஆச்சு, வித்தியாசமே இல்ல. அப்புறம் ரெண்டு டாக்டரும் பேசி அட்டோர்வாஸ்டாட்டின மூணு மாசம் நிறுத்திப் பார்க்க சொன்னாங்க, எனக்கு சுகர் இல்ல, இதயத்துல அடைப்பு இல்ல, அதனாலதான் தைரியமா நிறுத்துறோம்னு ரெண்டு தடவ சொன்னாங்க. அஞ்சாவது வாரம் ஒரு மத்தியானம் பட்டுப் பிளவுஸ் ஒன்னுக்கு கை வச்சுக்கிட்டு இருக்கேன், இரும்பு பெடல்ல இருக்குற பூ வேலைப்பாடு உள்ளங்கால்ல குத்துச்சு. தச்சத அப்படியே விட்டுட்டு சும்மா மிதிச்சுக்கிட்டே இருந்தேன்.

மூணு மாசத்துல எரிச்சல் பாதிக்கு மேல போயிடுச்சு, எல்டிஎல்லும் திரும்ப 181க்கு வந்துடுச்சு. இப்போ எசெடிமைப் 10னு வேற வகை கொலஸ்ட்ரால் மாத்திரை போடுறேன், எல்டிஎல் 144ல நிக்குது. திரும்ப பழைய மாத்திரை போட்டு எரிச்சல் வருதான்னு பார்த்தா ஓரளவு உறுதியாகும்னு டாக்டர் சொன்னாரு, நான் கும்பிடு போட்டுட்டேன். பி12 ஏறி நரம்பு மெதுவா சரியானதாவும் இருக்கலாம், அவரே அப்படித்தான் சொல்றாரு. கட்டைவிரல் நுனி இன்னும் மரத்துதான் இருக்கு.

இத எழுத வந்ததே என் தம்பியால. திருப்பூர்ல இருக்கான், நாலு வருஷம் முன்னாடி ஸ்டென்ட் வச்சவன். என் கதைய கேட்டுட்டு, கால்ல எரிச்சல் கிரிச்சல் ஒன்னும் இல்லாமலே, அவனும் ஒன்பது நாளா கொலஸ்ட்ரால் மாத்திரைய நிறுத்தி வச்சிருக்கான், "நீ நிறுத்துனதும் சரியாச்சுல்லக்கா"ங்கிறான். டேய், எனக்கு அடைப்பு இல்லன்னு பார்த்துட்டு நிறுத்துனாங்கடா, உனக்கு ரத்தக்குழாய்க்குள்ள கம்பி இருக்குடான்னு கத்துன கத்துல பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்தாங்க. அன்னிக்கே அவன் டாக்டர்கிட்ட போகவச்சு மறுபடி ஆரம்பிச்சாச்சு. இப்போ தினம் ராத்திரி சாப்பிட்டதும் மாத்திரை அட்டைய போட்டோ எடுத்து எனக்கு அனுப்பணும், நான் எத்தனை குழி காலின்னு எண்ணுவேன். நேத்து வரல, பத்தரைக்கு போன் பண்ணி எழுப்பிட்டேன்.