தம்பியோட கசம் பரேட்

போன வாரம் வெலிங்டன்ல தம்பியோட கசம் பரேட், அதாவது ட்ரெயினிங் முடிஞ்சு சத்தியம் எடுக்குற பரேட், முடிஞ்சுது, இனிமே அவன் ரெக்ரூட் இல்ல, ராணுவத்துல மெட்ராஸ் ரெஜிமெண்ட் அக்னிவீர். 1758-ல ஆரம்பிச்ச ரெஜிமெண்ட் அது. நாங்க குன்னூர்க்காரங்க, பஸ்ல போறப்ப வர்றப்ப அந்த ரெஜிமெண்ட் சென்டர் கேட்டைப் பாத்துக்கிட்டேதான் வளந்தோம், ஆனா உள்ள பசங்க படுற பாடு இவன் போன பிறகுதான் தெரிஞ்சுது.

31 வாரம் ட்ரெயினிங். மலையில வளந்த பையன், ஓட்டம் அவனுக்கு ஒரு விஷயமே இல்ல, கீழ இருந்து வந்த பசங்கதான் குளிர்லயும் ஏத்தத்துலயும் திணறிட்டாங்களாம். இவன் மாட்டுனது கயித்துல. பீபெட்னு ஒரு டெஸ்ட், முதுகுல பேக், கையில ரைஃபிளோட 5 கிலோமீட்டர் ஓடணும், அது போக 9 அடி பள்ளம் தாண்டணும், நேரா தொங்குற கயித்துல ஏறணும், இவனுக்கு பாதியிலயே கை வழுக்கி உள்ளங்கைத் தோல் உரிஞ்சுபோச்சு. கை பலத்துல ஏறாதடா காலால கயித்தைப் பூட்டி ஏறுன்னு சாயங்காலம் எல்லாரும் போனதுக்கு அப்புறமும் அவங்க உஸ்தாத், அதாவது ட்ரெயினிங் குடுக்குறவர், கூட நின்னு சொல்லிக் குடுத்திருக்கார். ரகடான்னு சொல்ற தண்டனைப் பயிற்சி குடுத்து முட்டி தேய வெச்சதும் அவரேதான். பரேட் முடிஞ்சதும் அம்மாவை இழுத்துட்டுப் போய் மொதல்ல காட்டுனது அவரைத்தான்.

தரை, கடல், வானம் எது வழியா அனுப்பினாலும் போவேன், உயிருக்கே ஆபத்துன்னாலும் உத்தரவை மீற மாட்டேன், இதுதான் அந்த சத்தியம். கொடி முன்னாடி அத்தனை பசங்களும் ஒரே குரல்ல சொன்னப்ப எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு. அப்புறம் பெத்தவங்களுக்கு கௌரவ் பதக்னு ஒரு மெடல் குத்தினாங்க, விடிகாலைல எழுந்து அவனுக்கு சோறு கட்டி வெச்சுட்டு கொழுந்து பறிக்கப் போன அம்மாவுக்கு அது, அவங்க இன்னும் புடவையில இருந்து கழட்டவே மனசில்லாம இருக்காங்க.

அக்னிவீர் வேலை 4 வருஷம்தான், அதுக்கப்புறம் 25 சதவீதம் வரைக்கும்தான் நிரந்தரமா எடுப்பாங்கன்னு எங்களுக்கும் தெரியும், அந்தக் கவலை இல்லாம இல்ல. ஆனா அந்த இடத்தையும் அவன் பிடிப்பான்னு நான் முழுசா நம்புறேன்.

கோத்தகிரி, குன்னூர் பக்கம் ராணுவ ஆள் சேர்ப்பு ரேலிக்கு ரெடியாகுற தம்பிங்களா, 1.6 கிலோமீட்டர் ஓட்டம் நம்ம ஊர் ஏத்தத்துலயே பழகிடும், பீம்ல 10 புல்அப் வருதான்னு இப்பவே பாருங்க, ஓட்டத்தை நம்பி கையை விட்டுடாதீங்க. அவன் லீவுல வீட்டுலதான் இருக்கான், வந்து கேளுங்க, கயிறு ஏறுறதையும் சேத்தே சொல்லித் தருவான்.